சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதிக்கலாமா? தமிழ்நாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாட்டரி திரும்ப வருமா, ரம்மியைத் தடுத்தது சரியா, கிரிக்கெட் பெட்டிங்கை அரசே நடத்தினால் என்ன? நான் இந்த விஷயத்தைப் பல வருஷமாகக் கவனித்து வருபவன் என்று தெரிந்தவர்கள், கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும் மாறி மாறிக் கேட்பவை இவை. நான் வக்கீல் இல்லை. கோயம்புத்தூர்க்காரன். கேரள எல்லை பக்கத்திலேயே இருப்பதால், தமிழ்நாடு தடை செய்ததும் கேரளம் விற்பதும் ஒரே பஸ் ரூட்டில் கண்ணுக்குத் தெரியும்.

தமிழ்நாட்டு மக்கள் அனுமதிக்கச் சொல்கிறார்களா, வேண்டாம் என்கிறார்களா?

நீங்கள் எந்தச் சொல்லில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. "சூதாட்டத்தை அனுமதிக்கலாமா?" என்று கேளுங்கள், வேண்டவே வேண்டாம் என்பார்கள். நமக்கு "சூது" என்ற சொல்லே ஆகாது. நல்ல பிள்ளையைச் சொல்லும்போதுகூட "சூதுவாது தெரியாதவன்" என்கிறோம்.

அதையே உடைத்துக் கேட்டுப் பாருங்கள். என் மாமா ஒருவர் ஆன்லைன் ரம்மி என்றாலே கொதித்துப்போவார். லாட்டரி பேச்சு வந்தால் குரல் இறங்கிவிடும்: "அது ஏழைக்கு ஒரு நப்பாசைடா, அதையும் புடுங்கிட்டாங்க." பொங்கலுக்கு மொட்டை மாடியில் பாய் விரித்துக் காசு வைத்துச் சீட்டாடும்போது அது அவருக்குச் சூதே இல்லை, "சும்மா பொழுதுபோக்கு". மூன்றிலும் கைமாறுவது பணம்தான். ஆனால் ஒரே மனிதரிடம் மூன்று தீர்ப்பு.

அரசுக்கும் இந்த நுணுக்கம் தெரியும். லாட்டரி நடத்திய காலத்தில் அதற்கு வைத்த பெயர் "பரிசுச் சீட்டு".

அரசு எப்போதாவது மக்களிடம் முறையாகக் கருத்துக் கேட்டதா?

கேட்டது. 2022 ஜூனில் ஆன்லைன் சூதாட்டத்தைப் பற்றி ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழு போட்டார்கள். சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அதில் இருந்தார். இரண்டே வாரத்தில் அறிக்கை வந்தது. அதற்கப்புறம் பொதுமக்கள் மின்னஞ்சலில் கருத்து அனுப்பலாம் என்று ஆகஸ்டில் அறிவித்தார்கள்.

வந்தவை 10,735. அதில் 10,708 பேர் தடையை ஆதரித்தார்கள். எதிர்த்தவர்கள் 27 பேர்.

அப்படியானால் மக்கள் கருத்து தெளிவாகத்தானே இருக்கிறது?

இந்த எண்ணை மேடையில் சொல்லும்போது கைதட்டல் வரும். ஆனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இது கருத்துக் கணிப்பு கிடையாது. ஊரெங்கும் ஆட்களைப் பிரித்து எடுத்துக் கேட்ட கேள்வி இல்லை. கோபம் இருந்தவர்கள் உட்கார்ந்து எழுதினார்கள். ராத்திரி ரம்மி ஆடிக்கொண்டிருந்தவர் "என் விளையாட்டை நிறுத்தாதீர்கள்" என்று சொந்த மின்னஞ்சலில் இருந்து அரசுக்கு எழுதுவாரா? மாட்டார். வீட்டுக்கே தெரியாமல் ஆடுகிறவர் அவர்.

அதற்காக அந்த எண்ணைத் தள்ளிவிடவும் முடியாது. பத்தாயிரம் பேர் மெனக்கெட்டு எழுதியிருக்கிறார்கள். லாட்டரி பற்றிக் கேட்டிருந்தால் இத்தனை பேர் எழுதியிருப்பார்களா என்பது என் சந்தேகம்.

லாட்டரி எப்போது வந்தது, ஏன் நின்றது?

1968-ல் அண்ணா முதல்வராக இருந்தபோது வந்தது. ஒரு ரூபாய்ச் சீட்டு. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்பது அப்போது பரவிய வாசகம். பரிசு விழாதவனுக்கும் தருமம் செய்த திருப்தி என்ற கணக்கு. கேரளம் அதற்கு முந்தைய ஆண்டே, 1967-ல் தொடங்கிவிட்டது.

நின்றது 2003 ஜனவரியில், ஜெயலலிதா ஆட்சியில். தமிழ்நாட்டுச் சீட்டு மட்டுமில்லை, வெளிமாநிலச் சீட்டுகளும் சேர்த்துத் தடை. அப்படித்தான் செய்ய முடியும். தன் லாட்டரியை விற்றுக்கொண்டு அடுத்த மாநிலத்து லாட்டரியை மட்டும் தடுக்க முடியாது என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது.

அந்தக் காலத்தைப் பார்த்தவர்களுக்குச் சுரண்டல் லாட்டரி ஞாபகம் இருக்கும். கடை வாசலில் நின்று நகத்தால் சுரண்டிவிட்டு, கீழே போட்டுவிட்டு, அடுத்த சீட்டு வாங்குவார்கள். பஸ் ஸ்டாண்டு லாட்டரிக் கடை முன்னால் காலடியில் வண்ண வண்ணமாகக் குப்பை குவிந்து கிடக்கும். பம்பர் குலுக்கலுக்கு மாதக்கணக்கில் காத்திருந்த ஆசை வேறு, சம்பளம் வாங்கிய சாயங்காலமே அரை மணி நேரத்தில் சுரண்டித் தீர்த்தது வேறு. 2003 தடைக்குப் பெண்களிடம் கிடைத்த வரவேற்புக்குக் காரணம் அந்தக் குப்பைதான் என்று நினைக்கிறேன்.

தடையை வரவேற்றவர்கள் ஏன் கேரள எல்லை ஊரான வாளையாருக்குப் பஸ் ஏறுகிறார்கள்?

இந்தக் கேள்விக்காகவே ஒருநாள் வாளையாரில் இறங்கி ஒரு மணி நேரம் நின்றேன். வரிசையாக லாட்டரிக் கடைகள். பலகைகளில் மலையாளத்தோடு தமிழும் இருக்கிறது. சீட்டுகளைக் கிளிப் போட்டு விசிறி மாதிரி விரித்து வைத்திருக்கிறார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் பேசியது கொங்குத் தமிழ். மில் வேலைக்காரர் மாதிரி இருந்த ஒருவர், கடைசி எண் ஏழு வருகிற சீட்டாகப் பொறுக்கி எடுத்தார். இரண்டு சீட்டை நான்காக மடித்து, போன் கவரைக் கழற்றி, போனுக்கும் கவருக்கும் நடுவில் வைத்து மூடினார். பர்ஸில் வைக்கவில்லை. வீட்டில் பர்ஸைப் பார்ப்பார்கள் போலிருக்கிறது.

2023-ல் கேரளத்தின் ஓணம் பம்பர் முதல் பரிசு 25 கோடி ரூபாய், சீட்டு விலை 500. அது விழுந்தது வாளையாரில் விற்ற சீட்டுக்கு. பங்கு போட்டு வாங்கியவர்கள் திருப்பூர்ப் பக்கத்து நான்கு பேர். சீட்டு தமிழ்நாட்டுக்குள் கள்ளத்தனமாக விற்கப்பட்டது என்று ஒரு புகார் கிளம்பி விசாரணையும் நடந்தது. ஆனால் ஊருக்குள் பேச்சு அந்தப் புகாரைப் பற்றி இல்லை. "நம்ம ஆளுக்கு அடிச்சிருச்சு" என்பதுதான் பேச்சு.

25 கோடி அப்படியே கைக்கு வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏஜெண்ட் கமிஷன் 10 சதவீதம், மீதியில் வரி 30 சதவீதம் போனால் 15.75 கோடி. அதற்கு மேல் சர்சார்ஜ் தனி. அதற்கு முந்தைய ஆண்டு அதே பரிசை வென்ற திருவனந்தபுரத்து ஆட்டோ ஓட்டுநர், காசு கேட்டு வருகிறவர்கள் தொல்லை தாங்காமல், பரிசு விழாமலே இருந்திருக்கலாம் என்று சில நாளிலேயே புலம்பினார்.

கேரளத்தில் மட்டும் ஏன் லாட்டரிக்கு எதிர்ப்பு குறைவு?

அங்கே விற்கிறவரை எல்லோருக்கும் தெரியும். நடக்க முடியாதவர், பார்வை இல்லாதவர், வயதான பெண்மணி என்று லாட்டரியை நம்பிப் பிழைக்கிறவர்கள் ஏராளம். அவர்களிடம் சீட்டு வாங்குவது பாதி உதவி. 2011-ல் தொடங்கிய காருண்யா லாட்டரியின் வருமானம் ஏழைகளின் சிகிச்சைக்கு என்று அறிவிக்கப்பட்டது. ஆஸ்பத்திரிச் செலவோடு முடிச்சுப் போட்டால் கருத்து மாறத்தானே செய்யும்? குலுக்கல் தினமும் திருவனந்தபுரத்தில் மதியம் 3 மணிக்கு, எல்லோரும் பார்க்க நடக்கிறது. ஆண்டு விற்பனை 12,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. அதெல்லாம் லாபம் என்று எண்ணிவிடாதீர்கள், பெரும்பகுதி பரிசுக்கும் கமிஷனுக்கும் போகிறது.

மூணு நம்பர் லாட்டரி என்கிறார்களே, அது என்ன?

கேரளச் சீட்டின் முடிவில் வரும் கடைசி மூன்று இலக்கங்களை வைத்து இங்கே ரகசியமாக நடத்தும் ஆட்டம். சீட்டு என்று ஒன்று இருக்காது. வெள்ளைத்தாளில் எழுதிய எண், இல்லாவிட்டால் வாட்ஸப் மெசேஜ். 3 மணிக்கு அங்கே குலுக்கினால் சில நிமிஷத்தில் இங்கே கணக்கு முடிந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். 60 ரூபாய்க்கு ஒரு எண், ஜெயித்தால் 25,000 என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் எண்ணும் விற்றால் வசூல் 60,000. கொடுப்பது 25,000. மீதி 35,000 நடத்துகிறவன் பைக்கு, அதுவும் ஒரே நாளில், வரி இல்லாமல். ஜெயித்தவனுக்குக் கொடுக்காமல் ஓடினால் போலீஸுக்கும் போக முடியாது.

2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பமே உயிரிழந்ததற்குப் பின்னால் இருந்தது இந்த லாட்டரிக் கடன். தடைக்குப் பதினாறு வருஷம் கழித்து நடந்தது அது. அனுமதிக்கச் சொல்கிறவர்கள் "தடை போட்டும் பயனில்லையே" என்று இதைத்தான் காட்டுகிறார்கள். எதிர்க்கிறவர்கள் "பார், கள்ளத்தனமாக நடந்தே இப்படி, கடை திறந்தால் என்ன ஆகும்?" என்று அதையேதான் காட்டுகிறார்கள்.

"டாஸ்மாக்கை நடத்துகிற அரசு லாட்டரியை நடத்தினால் என்ன?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே கேட்பார். நேர்மையான பதில்: அரசிடம் இதற்குத் தர்க்கமான மறுமொழி கிடையாது. சாராயத்தில் வருகிற வருமானத்தை விட முடியவில்லை, லாட்டரி வருமானத்தை விட முடிந்தது, அவ்வளவுதான். ஆனால் ஒரு தப்பைக் காட்டி இன்னொன்றுக்கு லைசென்ஸ் கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை. டாஸ்மாக் கடை வேண்டாம் என்று பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து போராடிய ஊர் இது. லாட்டரிக் கடைக்கும் அதே கதிதான் வரும்.

ரம்மி திறமை விளையாட்டா, சூதா?

சட்டத்தில் திறமை. உச்ச நீதிமன்றம் 1967-லேயே, ரம்மியில் சீட்டு விழுவது அதிர்ஷ்டம் என்றாலும் எதை வைத்துக்கொண்டு எதைக் கழிப்பது என்பதில் திறமையே மேலோங்கி இருக்கிறது என்று சொல்லிவிட்டது. மூணு சீட்டுக்கு அந்த அந்தஸ்து இல்லை.

ஆனால் அந்தத் தீர்ப்பு எதிரெதிரே உட்கார்ந்து ஆடுகிறவர்களைப் பற்றியது. என் சித்தி பையன் போனில் ஆடியது வேறு. விஷயம் வெளியே வந்தபோது அவன் பேங்க் ஸ்டேட்மெண்டை நான்தான் உட்கார்ந்து பார்த்தேன். இரவு 1.40-க்கு 500 ரூபாய். 1.52-க்கு 1,000. 2.05-க்கு 2,000. 2.06-க்கு மறுபடி 2,000. நடுவில் ஒரு கடன் ஆப்பில் இருந்து 8,000 வரவு, ஏழு நிமிஷத்தில் அதுவும் காலி. இப்படி பதினோரு பக்கம். அவன் நன்றாகவே ரம்மி ஆடுவான், எங்கள் வீட்டில் அவனை யாரும் ஜெயித்ததில்லை. அந்த நேரத்தில் அந்தத் திறமை எந்த மூலைக்கு?

தமிழ்நாட்டின் ஆன்லைன் தடைச் சட்டம் ஏன் இத்தனை முறை முட்டுப்பட்டது?

முக்கியமான கட்டங்களை மட்டும் சொல்கிறேன். 2020 நவம்பரில் முதல் அவசரச் சட்டம், 2021 தொடக்கத்தில் சட்டத்திருத்தம். ஆகஸ்ட் 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. காரணம், திறமை விளையாட்டு, அதிர்ஷ்ட விளையாட்டு என்ற பிரிவினையே இல்லாமல் எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாகத் தடுத்தது. சந்துரு குழுவுக்குப் பிறகு புது மசோதா 2022 அக்டோபரில் நிறைவேறியது. ஆளுநர் ஆர்.என்.ரவி மாதக்கணக்கில் வைத்திருந்து 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது, ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. ஆளுநர் தாமதித்த அந்த மாதங்களில் ஒவ்வொரு தற்கொலைச் செய்தியும் அரசியல் செய்தியாக மாறியது. இந்த விஷயத்தில் பொதுக் கருத்து இறுகியது அப்போதுதான்.

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது, ஆனால் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலில் வைத்ததை ஏற்கவில்லை. தடுக்க முடியாது, ஒழுங்குபடுத்தலாம் என்றது. அதன்படி தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் விதிகள் போட்டது: ஆதார் சரிபார்ப்பு, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடத் தடை. நிறுவனங்கள் வழக்குப் போட்டன, ஜூனில் தோற்றன. எங்கள் வீட்டு ஸ்டேட்மெண்டைப் பார்த்த எனக்கு, அந்த 12 முதல் 5 வரை என்ற விதியை எழுதியவர் விஷயம் தெரிந்தவர் என்று தோன்றியது.

மத்திய அரசின் சட்டம் வந்த பிறகு நிலைமை என்ன?

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இரண்டே நாளில் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு மொத்தத்துக்கும் தடை. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு, 50 லட்சம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. சுமார் 45 கோடிப் பேர் ஆண்டுக்கு 20,000 கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்பது மத்திய அரசு சொன்ன மதிப்பீடு.

பெரிய நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்தின. ட்ரீம்11 இந்திய கிரிக்கெட் அணியின் ஜெர்சியில் இருந்தே போனது. வழக்குகள் பல உயர் நீதிமன்றங்களில் விழ, உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் தன்னிடம் எடுத்துக்கொண்டது. வெளிநாட்டில் இருந்து நடக்கும் தளங்களும் டெலிகிராம் குழுக்களும் மிச்சம் இருக்கின்றன. அங்கே ஆதாரும் கேட்க மாட்டார்கள், மணியும் பார்க்க மாட்டார்கள்.

கிரிக்கெட் பெட்டிங்கை அனுமதிக்கச் சொல்லி யாராவது பரிந்துரைத்தார்களா?

ஆம். 2013 ஐ.பி.எல். ஊழலுக்குப் பிறகு அமைந்த நீதிபதி லோதா குழு, 2016-ல் கிரிக்கெட் பெட்டிங்கைச் சட்டபூர்வமாக்கலாம் என்றது. வீரர்களும் நிர்வாகிகளும் மட்டும் தொடக்கூடாது. இதை உச்ச நீதிமன்றம் சட்ட ஆணையத்தின் பார்வைக்கு விட்டது. ஆணையமும் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு, 2018 ஜூலையில் 276-வது அறிக்கையைக் கொடுத்தது.

அடுத்த நாள் பத்திரிகைகளில் "பெட்டிங்கை அனுமதிக்கப் பரிந்துரை" என்று தலைப்பு. பதறிப்போன ஆணையம், இன்றைய நிலையில் அனுமதிப்பது விரும்பத்தக்கதில்லை என்றுதான் சொன்னோம், தடுக்கவே முடியாவிட்டால் கட்டுப்படுத்துங்கள் என்பது இரண்டாவது வழி என்று விளக்கம் தர வேண்டியிருந்தது. இன்றைக்கும் டீவி விவாதத்தில் இரண்டு தரப்பும் அந்த ஒரே அறிக்கையைத்தான் மேற்கோள் காட்டுகின்றன.

குதிரைப் பந்தயம் மட்டும் எப்படித் தப்பித்தது?

கருணாநிதி அரசு 1974-லேயே ஒழிக்கச் சட்டம் போட்டது. 1996-ல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயமும் திறமையைச் சேர்ந்தது என்று காப்பாற்றிவிட்டது. 2024 செப்டம்பரில் கிண்டி ரேஸ் கோர்ஸை அரசு சீல் வைத்தது சூதுக்காக இல்லை. 160 ஏக்கர் நிலம், குத்தகை பாக்கி.

அனுமதித்த ஊர்களில் மக்கள் நிம்மதியாக இருக்கிறார்களா?

கோவாவில் மாண்டவி ஆற்றில் கேசினோக் கப்பல்கள் நிற்கின்றன. ஆனால் 2020 பிப்ரவரி முதல் கோவாக்காரர்கள் உள்ளே போய் ஆடக்கூடாது என்று அந்த அரசே உத்தரவு போட்டது. வெளியூர்க்காரன் தோற்கட்டும், நம் பிள்ளை வேண்டாம்! சிங்கப்பூரிலும் கேசினோவுக்குள் போகச் சுற்றுலாப் பயணிக்குக் கட்டணம் இல்லை. குடிமக்கள் ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். அங்கே இன்னொரு ஏற்பாடும் உண்டு. குடும்பத்தார் விண்ணப்பித்து, வீட்டு ஆள் ஒருவரைக் கேசினோவுக்குள் விடாமல் தடுக்கலாம். நம்மூர் விவாதத்தில் இதை யாரும் பேசிக் கேட்டதில்லை, பேச வேண்டும்.

அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில் 2024 நவம்பரில் விளையாட்டு பெட்டிங்கை அனுமதிக்கலாமா என்று வாக்கெடுப்பே நடத்தினார்கள். சுமார் முப்பது லட்சம் ஓட்டில் 3,000-க்கும் குறைவான வித்தியாசத்தில் "சரி" ஜெயித்தது. அந்த நாட்டில் பெட்டிங் சமூகத்துக்குக் கெடுதல் என்று நினைப்பவர்கள் 2022-ல் 34 சதவீதம், 2025-ல் 43 சதவீதம் என்று பியூ ஆய்வு நிறுவனம் சொல்கிறது. அனுமதித்துப் பார்த்த பிறகு ஏறிய எண் இது.

தமிழ்நாட்டில் லாட்டரி திரும்ப வருமா?

2021 ஜூலையில் இந்தப் பேச்சு எழுந்தது. எடப்பாடி பழனிசாமி எதிர்த்து அறிக்கை விட்டார், அப்படி ஒரு எண்ணமே இல்லை என்று அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மறுத்தார். ஆனாலும் சந்தேகம் போகவில்லை. கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்கப் பயன்பட்ட தேர்தல் பத்திரங்களின் விவரம் 2024 மார்ச்சில் வெளியானபோது, நாட்டிலேயே அதிகம் கொடுத்தது கோவையைச் சேர்ந்த லாட்டரி நிறுவனமான ஃப்யூச்சர் கேமிங் என்று தெரிந்தது, 1,368 கோடி ரூபாய். அதில் தி.மு.க.வுக்குப் போனது 509 கோடி. மேற்கு வங்கத்தின் திரிணமூலுக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம். லாட்டரியே இல்லாத மாநிலத்துக் கட்சிக்கு இவ்வளவு எதற்கு என்று டீக்கடையில் கேட்காத ஆள் இல்லை. தேர்தலில் ஓட்டுக் கேட்கும் எந்தக் கட்சியும் லாட்டரியைக் கொண்டுவருவோம் என்று வெளிப்படையாகச் சொல்லும் துணிவில் இல்லை.

உங்கள் சொந்தக் கருத்து?

போனில் பணம் வைத்து ஆடுவது கூடாது. படுக்கையில் இருந்து எழுந்திருக்காமலே ஒரு மாதச் சம்பளத்தைத் தொலைக்க முடிகிற எதற்கும் அனுமதி வேண்டாம். தினக் குலுக்கல், சுரண்டல் லாட்டரியும் அதே வகைதான். வருஷத்துக்கு இரண்டு மூன்று பம்பர் மட்டும் அரசு நடத்தலாமா என்றால், அங்கே எனக்குக் கொஞ்சம் தடுமாற்றம் உண்டு. வாளையார்க் கடையில் நின்ற அன்று நானும் ஒரு சீட்டு வாங்கினேன். விழவில்லை.

வீட்டில் ஒருவர் மாட்டிக்கொண்டால் முதலில் என்ன செய்வது?

சத்தம் போடுவதைத் தள்ளி வையுங்கள். மொத்தக் கடன் எவ்வளவு என்று கேட்டால் முதல் தடவை சொல்கிற தொகை உண்மையாக இருக்காது. எங்கள் வீட்டில் 40,000 என்று ஆரம்பித்தது மூன்றாவது நாள் 2 லட்சத்தைத் தாண்டியது. ஆறு மாத ஸ்டேட்மெண்டை எடுத்து, சேர்ந்து உட்கார்ந்து, பேனாவால் வட்டமிடுங்கள். சம்பளக் கணக்கை யு.பி.ஐ. இல்லாத கணக்குக்கு மாற்றுங்கள். கடனை ஒரே மூச்சில் அடைத்துவிடாதீர்கள். கை காலியானதும் திரும்பப் போகிற ஆபத்து அப்போதுதான் அதிகம்.

பணம் ஏமாற்றப்பட்டிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930. ஆள் மனமுடைந்து பேசினால், தூங்காமல் இருந்தால், தனியாக விடாதீர்கள். தமிழ்நாடு அரசின் 104, டெலி மானஸ் 14416 இரண்டிலும் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. எங்கள் பையன் முதல் தடவை அழைத்தபோது பேசாமலே வைத்துவிட்டான். இரண்டாவது தடவை சித்தி போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார், முக்கால் மணி நேரம் பேசினான்.